மணக்காட்டில் வண்டல் பிடித்த வேம்பு

வேம்புக்கு அரசாங்கம் நிலம் கொடுத்திருக்கிறது என்ற செய்தி மேலப்பனையூர்த் தெருவுக்குள் வந்தபோது, எந்த நிலம் என்று அவள் கேட்டாள். மணக்காடு என்றார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தாள். அவள் புருஷன் துரைராசுக்குக் கோபமே வந்துவிட்டது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றவன் அவன். கிடைத்ததைப் பார்த்துப் பெண்டாட்டி இப்படிச் சிரித்தால் எந்த ஆம்பிளைக்குத்தான் பொறுக்கும்?

சிரிக்காமல் என்ன செய்வாள்? மணக்காட்டைப் பற்றி அவளுக்குத் தெரியும். அது ஒரு காலத்தில் பண்ணையார் வைத்தியலிங்கத்தின் நல்ல நஞ்சை. ஓர் ஐப்பசி வெள்ளத்தில் வெட்டாறு கரையை உடைத்துக்கொண்டு அதற்குள் பாய்ந்தது. கரைக்குள் அடித்துக்கொண்டு ஓடும்வரை ஆறு மணலையும் வண்டலையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு ஓடும். அகலமான வயலில் வந்து விழுந்ததும் வேகம் செத்துப்போகும். கனமானதை அங்கேயே போட்டுவிட்டு, லேசானதை மட்டும் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடும். அப்படிப் போட்டுவிட்டுப் போன மணல் முழங்கால் உயரம். அதன் பிறகு அங்கே கருவை முள்ளும் ஓணானும்தான் விளைந்தன.

நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் பண்ணையார் பயந்துவிடவில்லை. நல்ல நிலத்தையெல்லாம் மைத்துனர் பெயரிலும், சம்பந்தி பெயரிலும், இன்னும் தொட்டிலை விட்டு இறங்காத பேரன் பெயரிலும் பிரித்து எழுதிவிட்டார். உபரி என்று எதையாவது காட்டியாக வேண்டுமே, மணக்காட்டைக் காட்டினார். தானம் செய்கிறவர் முகத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டாராம். அந்த மணலில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், வேம்புவின் பங்குக்கு விழுந்தது.

அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது. மூன்று வருஷத்துக்குள் நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும், தரிசாகவே கிடந்தால் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும். இதை வேம்புக்கு எடுத்துச் சொல்ல வந்தவர் பண்ணை ஏஜெண்டு நாகநாதன். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, பேச்சில் எப்போதும் ஒரு கரிசனம். மணலோடு மல்லுக்கட்டி மூன்று வருஷத்தை வீணாக்க வேண்டாம், துரைராசு சங்கத்தை விட்டுவிட்டு வந்து ஐயாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே இரண்டு பேருக்கும் வேலை உண்டு என்றார்.

வேலைதான் அப்போது இல்லை. கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியதில் துரைராசு முன்னால் நின்றான் என்பதால், பண்ணையில் அந்தக் குடும்பத்துக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். வேம்பு பக்கத்து ஊர்களில் களை எடுத்தும், நண்டு பிடித்து விற்றும் அடுப்பை எரித்துக்கொண்டிருந்தாள். மணக்காடு கைவிட்டுப் போனால், அதே பண்ணைக் களத்துக்குப் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டும். துரைராசு நிற்பான், பிள்ளைகளுக்காக நிற்பான், நின்ற பிறகு அவன் பழைய துரைராசாக இருக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அதை நினைத்தபோதுதான் சிரிப்பு நின்றது.

“சரி, போய்ப் பாத்துட்டு வருவோம்” என்று மண்வெட்டியை எடுத்தாள்.

மணலில் நெல் விளையாததற்குக் காரணம் ஒன்றுதான். தண்ணீர் நிற்காது. காலையில் பாய்ச்சினால் மத்தியானத்துக்குள் குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கும். மேலே வண்டல் போட்டு அடைக்க வேண்டும். ஏரியிலிருந்து வண்டல் அடிக்க வண்டி வேண்டும், மாடு வேண்டும்; வேம்புவிடம் இரண்டு கூடைகள் இருந்தன, அதில் ஒன்று ஓட்டை.

ஆனால் வண்டல் அவள் வாசலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆனி மாதம் மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும்போது வாய்க்காலைப் பார்த்தால் தெரியும். கடைக்காரன் தாராளமாகப் பால் விட்ட டீ நிறத்தில் வரும். அத்தனையும் எங்கெங்கோ கரைந்து வந்த மண். அதை நிறுத்திவைத்து வயலுக்குள் வாங்கிவிட்டால் வண்டியும் வேண்டாம், மாடும் வேண்டாம். மணக்காட்டுக்கென்று பழைய செங்கல் மதகு ஒன்று வாய்க்கால் கரையில் மணலுக்குள் புதைந்து கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் அதைத் தோண்டி எடுத்தார்கள். அதற்கே ஒரு மாதம் போயிற்று.

தண்ணீர் வந்த அன்று தெருவே கூடி நின்றது. வேம்பு மதகுப் பலகையை முழுசாகத் தூக்கிவிட்டாள். கொஞ்சம் தூக்கினாலே போதும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கவே போயிருப்பாள். நிறையத் தண்ணீர், நிறைய வண்டல் என்பது அவள் கணக்கு. தண்ணீர் குதித்தது, நுரைத்தது, சுழன்றது, வயலுக்குள் புகுந்து ஓடியது. பிள்ளைகள் அதில் விழுந்து புரண்டன. துரைராசு துண்டைச் சுழற்றினான். இப்படியே ஆனி, ஆடி இரண்டு மாதமும் பாய்ந்தது.

தண்ணீரை நிறுத்திக் காயவிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மதகுக்கு முன்னால் விசிறி விரித்ததுபோல் கணுக்கால் உயரத்துக்குப் புது மணல். அடித்துக்கொண்டு வந்த தண்ணீர் வாய்க்காலின் அடிமணலையும் அள்ளிக்கொண்டு வந்து, வயலில் வேகம் குறைந்த இடத்தில் இறக்கிவிட்டது. சரி, வண்டல் எங்கே? வயலின் கடைசியில் வரப்பு தாழ்ந்திருந்தது. அதன் வழியாக வண்டல் தண்ணீர் ஒழுகி, அடுத்திருந்த பண்ணை வயலுக்குள் போய் அங்கே பதவிசாகப் படிந்திருந்தது.

அந்த வருஷம் பண்ணை வயலில் சம்பா நாற்று கருகருவென்று நின்றது. நாகநாதன் குடையோடு வந்து, ஐயாவுக்கு ரொம்ப சந்தோஷம், அடுத்த வருஷமும் இப்படியே செய்தால் நல்லது என்று கரிசனத்தோடு சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதம் உழைத்துப் பண்ணையாருக்குச் சோறு பரிமாறிவிட்டு, எச்சில் இலையை மட்டும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது வேம்புக்கு. அன்று அவள் அழுதாள். துரைராசு பக்கத்தில் உட்கார்ந்து, பண்ணைக்கே போய்விடலாமா என்று மெதுவாகக் கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கேள்விதான் அவளுக்குப் பயம்.

மறு வைகாசியில் அடுத்த வீட்டு அம்சவல்லியின் மகளுக்குக் கல்யாணம். அம்சவல்லியும் வேம்புவும் ஒரே நாளில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், அதனால் ஒருத்தியை ஒருத்தி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்ளும் உரிமை உண்டு. கல்யாணத்துக்கு வாங்கியது ரேஷன் அரிசி. அந்தக் காலத்து ரேஷன் அரிசி என்றால், பாதிக்குப் பாதி கல் என்று சொல்வது கொஞ்சம் மிகை, கொஞ்சம்தான். அதைக் கல் அரித்துக் கொடுக்கும் வேலை வேம்புவுடையது.

கல் அரிப்பதைப் பார்க்காத தமிழர்கள் இப்போது இருக்கலாம். சட்டியில் அரிசியைப் போட்டு, தண்ணீர் விட்டு, வட்டமாக ஒரு ஆட்டு ஆட்டிச் சரிக்க வேண்டும். அரிசி தண்ணீரோடு எழும்பி அடுத்த சட்டிக்குப் போய்விடும். கல் மட்டும் அடியில் தங்கும். வேகமாக ஆட்டினால் கல்லும் சேர்ந்து போகும். மெதுவாக ஆட்டினால் அரிசியும் தங்கிவிடும். ஏழு வயதிலிருந்து அவள் கை அதைச் செய்கிறது, கண் வேறெங்கோ இருக்கும், வாய் ஊர்க்கதை பேசும்.

அன்றைக்கு வாய் நின்றுவிட்டது. சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கல் சட்டி முழுக்கப் பரவித் தங்கவில்லை. ஓரமாக ஒரே இடத்தில், பிறை மாதிரி ஒதுங்கியிருந்தது. அரிசியைத் தூக்கிவிட்டு மறுபடி ஆட்டினாள். மறுபடியும் அதே இடம். சுழலும் தண்ணீர் கல்லை எல்லா இடத்திலும் விடுவதில்லை, தனக்கு வேண்டாத மூலையாகப் பார்த்துத் தள்ளிச் சேர்க்கிறது. நம் மதகும் ஒரு சட்டிதானே, மணலை இப்படி ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு வண்டலை மட்டும் சரித்துக்கொள்ள முடியாதா என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் எழுந்துவிட்டாள். உலை கொதிக்கிறது, அரிசி இல்லை. அம்சவல்லி வந்து பார்த்தால் சட்டி கிடக்கிறது, ஆளைக் காணோம். அன்று அவள் திட்டிய திட்டைத் தெரு ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது. வேம்பு மணக்காட்டில் மதகுக்கு முன்னால், தண்ணீர் வந்து விழும் இடத்தில் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பள்ளம் ஒரு சின்ன அறை அளவு. மதகிலிருந்து குதிக்கும் தண்ணீர் அதில் விழுந்து, இரண்டு பக்கமும் சுழன்று, களைத்துப் பிறகு வயலுக்குப் போக வேண்டும். வயலுக்குப் போகும் வாயில் ஒரு பனங்கட்டையைக் குறுக்கே போட்டார்கள், மேல்தண்ணீர் மட்டும் வழியட்டும் என்று. மதகுப் பலகையை இந்தத் தடவை நான்கு விரல்தான் தூக்கினாள். வயலின் கடைசி வரப்பை இடுப்பளவு உயர்த்தி, பண்ணைப் பக்கம் ஒரு சொட்டுப் போகாமல் அடைத்தான் துரைராசு. அந்த வேலையை மட்டும் அவன் பாட்டுப் பாடிக்கொண்டு செய்தான்.

தண்ணீர் விட்ட முதல் நாள் பார்த்தால் பனங்கட்டையைத் தாண்டியும் மணல் நடந்து வந்திருந்தது. துரைராசு மண்வெட்டியை வீசிவிட்டுப் போய்விட்டான். வேம்பு தண்ணீரை நிறுத்திப் பள்ளம் வடியும்வரை காத்திருந்தாள். உள்ளே இரண்டு சுழி சுழன்றிருக்கிறது. சுழி சுழன்ற இடங்கள் சுத்தமாக இருந்தன. இரண்டு சுழியும் உரசிக்கொண்ட நடுவில், பன்றி முதுகு மாதிரி மணல் மேடு கட்டியிருந்தது. அந்த மேட்டுக்கு நேராகத்தான் இவள் பனங்கட்டையை வைத்திருந்தாள். மணல் ஏறிவர ஏணி போட்டுக் கொடுத்த மாதிரி.

தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நடுவாயை அடைத்துவிட்டு, ஒரு சுழிக்கு நேராகப் பக்கவாட்டில் வேறு வாய் வெட்டினாள். மறுநாள் வழிந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி விரலால் தேய்த்துப் பார்த்தாள். நெறுநெறுப்பு இல்லை. சந்தனம் மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஓடிப்போய்த் துரைராசின் கையைப் பிடித்து அதில் தேய்த்தாள். அவன் அதை முகர்ந்து பார்த்தான்.

அதற்குப் பிறகு நடந்தது பொறுமை வேலை. வண்டல் தண்ணீரை வயலில் நிரப்பி, அசையாமல் நிற்கவிட வேண்டும். வண்டல் அடியில் இறங்கியதும், மணல் குடித்தது போக, மேலே நிற்கும் தெளிந்த நீரை மெல்ல இறக்கிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாலாடை கனத்துக்கு ஒரு பூச்சுப் படியும். காலில் ஒட்டினால் அவள் அதையும் வயலிலேயே கழுவிவிட்டு வரப்பேறுவாள். அம்சவல்லிக்குச் சிரிப்புத் தாங்காது.

இன்னொரு தொந்தரவு, பள்ளத்தில் சேரும் மணல். தினமும் அள்ளாவிட்டால் மேடாகி வயலுக்குள் போய்விடும். இரண்டு கூடையை வைத்துக்கொண்டு எவ்வளவு அள்ளுவது? இங்கேதான் காலம் அவளுக்குத் துணைக்கு வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்தக் குடிசை மனை சொந்தம் என்று சட்டம் வந்து, தெருவில் ஆளாளுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த நேரம். எப்போது காலி செய்யச் சொல்வார்களோ என்று பயந்து கீற்றை மட்டும் மாற்றிக்கொண்டிருந்த ஜனம், இப்போது தரை மேடாக்கியது, அடுப்படி கட்டியது, சிலர் வாசலில் ஒரு மல்லிகைக்கொடிக்குக்கூட மேடை கட்டினார்கள். எல்லாருக்கும் மணல் வேண்டும். வேம்புவின் பள்ளத்தில் கழுவி அரித்த மணல், களிமண் ஒட்டாத மணல். காலையில் கூடையோடு வந்து ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போனார்கள். அவளுக்கு நன்றி வேறு சொன்னார்கள். நியாயப்படி யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் பண்ணைக்கும் மணல் தேவைப்பட்டது. களத்துக்குத் தரை போட வேண்டுமாம். நாகநாதனே வந்து, இரண்டு வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டார். குரலில் கரிசனம் கொஞ்சம் குறைந்திருந்தது.

“தாராளமா அனுப்புங்க ஐயா. வரும்போது வண்டி சும்மா வர வேண்டாமே, பண்ணைத் தொழுவத்துக் குப்பையை ஏத்திவிடுங்க” என்றாள் வேம்பு.

குப்பை வந்தது. பண்ணை மாட்டுச் சாணி மணக்காட்டில் விழுந்ததைத் தெருவே வந்து நின்று பார்த்தது.

இப்படி இரண்டாவது வருஷமும் போய், மூன்றாவது வருஷம் புதுத்தண்ணீரும் பாய்ச்சியாயிற்று. வண்டல் மொத்தமாக நான்கு விரற்கடை கூட இருக்காது. அடியில் பழைய மணல் அப்படியேதான் கிடந்தது. இனி நட்டால்தான் உண்டு. நட முடியாவிட்டால் நிலம் போய்விடும். ஒரு மாலை வயலை நிரப்பிவிட்டு, மதகை இறுக அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். தண்ணீர் நிற்குமா, நிற்காதா? விடிந்ததும் துரைராசு வேண்டுமென்றே மெதுவாகப் பல் துலக்கினான். வேம்பு பொறுக்காமல் ஓடினாள்.

தண்ணீர் நின்றது. வரப்புக்கு வரப்பு, வானத்தைக் காட்டிக்கொண்டு, ஒரு விரல்கூடக் குறையாமல் நின்றது. நடுவில் ஒரு கொக்கு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தது. கொக்கு வந்துவிட்டால் அது வயல்தான், மணக்காடு இல்லை. வேம்பு சேலையோடு அந்தச் சேற்றில் உட்கார்ந்தாள். பின்னால் வந்த துரைராசு என்னவோ ஏதோ என்று பதறிப்போய், கிட்ட வந்ததும் அவனும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். வேட்டி பாழாயிற்று. அவள் வாழ்க்கையில் எத்தனையோ நல்ல நாள் பிறகு வந்தது, மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்குக் கல்யாணம் நடந்தது. சந்தோஷம் எது என்று யார் கேட்டாலும் அந்தக் காலையைத்தான் சொல்வாள்.

நட்டார்கள். தை மாதம் விளைந்தது. அமோகம் என்று சொல்ல முடியாது. மதகு ஓரத்தில் சோப்ளாங்கியாகவும், கடைசி வரப்புப் பக்கம் கதிர் தலைசாய்ந்தும் இருந்தது. தாலுகாவிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, சாகுபடி நிலம் என்று சொல்லிப் போனார். நிலம் அவளுக்கே நின்றுவிட்டது.

அறுப்பு அன்றைக்குத்தான் ஒரு குழப்பம் வந்தது. தெருப் பெண்கள் வரிசையாக நின்று குனிந்தார்கள், துரைராசும் ஒரு அரிவாளோடு ஓரத்தில் குனிந்தான். வேம்புவும் வழக்கம்போல அரிவாளோடு வரிசையில் குனிந்தாள். அம்சவல்லி அவள் முதுகில் தட்டி, நிலத்துக்காரி வரப்பில்தான் நிற்க வேண்டும் என்றாள். வேம்பு ஏறி நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடுப்பில் வைத்தால் பண்ணையார் மாதிரி இருக்கிறது, கட்டிக்கொண்டால் ஏஜெண்டு மாதிரி இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் குதித்து இறங்கி மறுபடி வரிசையில் சேர்ந்துகொண்டாள். யாரும் இல்லாத வரப்பைப் பார்த்துப் பெண்கள் சிரித்தபடியே அறுத்தார்கள்.

அடித்துத் தூற்றி நெல்லைக் குவித்த பிறகு சிரிப்பு அடங்கியது. கூலி அளக்க வேண்டும். நாகநாதன் எதேச்சையாக வருவதுபோல வந்து, குடையை ஊன்றி நின்றார். வேம்பு என்ன கூலி அளக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பண்ணையில் இன்னும் பழைய கூலிதான் ஓடிக்கொண்டிருந்தது. சங்கம் கேட்ட கூலி கட்டுப்படியாகாது என்றுதான் அத்தனை வருஷமும் சொல்லிவந்தார்கள்.

“இப்பத் தெரியும் வேம்பு, நிலத்துக்காரன் கஷ்டம்” என்றார்.

குவியல் சின்னது. துரைராசு அதைப் பார்த்தான், கூடி நின்றவர்களைப் பார்த்தான். சங்கத்துக் கொடி பிடித்த அதே துரைராசு அவள் காதருகே வந்து, இந்த ஒரு வருஷம் மட்டும் பழைய கூலியே அளக்கலாம், எல்லாரும் நம் ஜனம், தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றான். சொல்லும்போதே அவன் முகம் கறுத்துப் போயிற்று.

வேம்பு மரக்காலை எடுத்தாள். நெல்லில் அழுத்தி முகந்தாள். பண்ணைக் களத்தில் உள்ளங்கையால் வழித்துவிடுவார்களே, அந்த மேல்குவியலை வழிக்காமல் அப்படியே அம்சவல்லியின் முந்தானையில் கொட்டினாள். இன்னொன்று. அதற்கு மேல் ஒன்று. சங்கம் கேட்ட அளவு வந்ததும்தான் அடுத்த ஆளைப் பார்த்தாள். நாகநாதன் குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரப்போடு நடந்தார். நாளைக்குப் பண்ணைக் களத்தில் கூலிக்காரர்கள் என்ன கூலி கேட்பார்கள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

“இப்படி அளந்தா நமக்கு என்ன புள்ள மிஞ்சும்?” என்றான் துரைராசு.

“நெலம் மிஞ்சும்” என்றாள் வேம்பு. “வரிசையில நில்லுங்க. நீங்களும்தான் அறுத்தீங்க, உங்க கூலிய வாங்கிக்கிட்டுப் போங்க.”

துரைராசு துண்டை விரித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான்.